போர் ஆவணப்படங்களும் சென்னையின் எம்டன் தாக்குதலும்

நடந்து முடிந்த ஒரு போரைப் பழைய படச்சுருள், ஒளிப்படம், ஆவணம், வரைபடம், நேர்காணல், நடித்துக்காட்டும் காட்சி ஆகியவற்றின் துணையோடு விளக்கும் நிகழ்ச்சி போர் ஆவணப்படம் எனப்படும். அது பார்வையாளரை அந்த நாளுக்கே அழைத்துச் சென்றது போன்ற உணர்வைத் தருகிறது. ஆனால் பல போர் நிகழ்ச்சிகளைப் படம் பிடிக்க அப்போது அங்கே எவரும் இருக்கவில்லை. 1914-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தின்மீது நடந்த எம்டன் தாக்குதல் அத்தகையது. படச்சுருள் இல்லாத ஒரு போர் இரவை ஆவணப்படம் எவ்வாறு உயிர்ப்பிக்க முடியும், அதில் எது சான்று, எது புனைவு என்பதை இந்த நிகழ்ச்சியைக் கொண்டு அறியலாம்.

எம்டன் தாக்குதல்

எம்டன் என்பது ஜெர்மன் கடற்படையின் இலகுரகப் போர்க்கப்பல். அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர். முதல் உலகப் போர் தொடங்கியபின் 1914 ஆகஸ்டில் சீனக் கரையிலிருந்த சிங்தாவோ தளத்தை விட்டுப் புறப்பட்ட இக்கப்பல், வங்காள விரிகுடாவில் நுழைந்து பிரித்தானிய வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு சுமார் 9.30 மணிக்கு அது சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கெச தூரத்தில் நின்று, தேடொளி விளக்கை எரியவிட்டு, பர்மா எண்ணெய்க் குழுமத்தின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. மண்ணெண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலும் சேதமடைந்தது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள் சுடப்பட்டன. குறைந்தது ஐந்து பேர் இறந்தனர். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் கப்பலுக்குச் சேதம் ஏற்படவில்லை. அடுத்த நாட்களில் ஏராளமானோர் அச்சத்தால் நகரை விட்டு வெளியேறினர். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை அழித்தது.

ஆவணப்படத்தின் கருவிகள்

*ஒளிப்படம்:* தாக்குதல் நடந்தபோது படம் எடுக்கப்படவில்லை. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து புகைவதைக் காட்டும் ஒளிப்படங்கள் பின்னர் எடுக்கப்பட்டவை. அசையாத படத்தின்மீது கேமராவை மெல்ல நகர்த்தி, பின்னணியில் கடிதங்களைப் படித்துக்காட்டும் முறையைக் கென் பர்ன்ஸ் 1990-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் விரிவாகப் பயன்படுத்தினார். படச்சுருள் இல்லாத போர்களுக்கு இம்முறை பெரிதும் உதவுகிறது.

*வரைபடமும் கணினி வரைகலையும்:* கப்பல் வந்த திசை, நின்ற தூரம், குண்டு சென்ற பாதை ஆகியவற்றைச் சொற்களைவிட அசையும் வரைபடம் எளிதில் புரியவைக்கும். கப்பலின் உருவைக் காட்டும்போது கவனம் தேவை. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகளே இருந்தன. பிரித்தானியக் கப்பல்போலத் தோன்றுவதற்காக நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி பின்னர் சேர்க்கப்பட்டது.

*நிகழ்விடம்:* சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் உள்ளது. துறைமுகக் கரையோ அப்படியே இல்லை. துறைமுகம் பின்னாளில் வடக்கு நோக்கி விரிந்தது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தது. கடல் அரிப்பால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரையோரம் பாறைகள் கொட்டப்பட்டன. இன்று காசிமேட்டிலிருந்து கடலைப் படம் பிடித்து அதையே 1914-இன் கரையாகக் காட்டினால் பார்வையாளர் தவறாகப் புரிந்துகொள்வார்.

*நடித்துக்காட்டல்:* பீரங்கியில் குண்டு போடும் மாலுமி, தீயைக் கண்டு ஓடும் மக்கள் போன்ற காட்சிகளை நடிகர்களைக் கொண்டுதான் எடுக்க முடியும். இது புதிய பழக்கம் அன்று. 1916-இல் வெளிவந்த சோம் போர் பற்றிய பிரித்தானியப் படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி நடித்து எடுக்கப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது.

*ஒலியும் வண்ணமும்:* பீட்டர் ஜாக்சன் 2018-இல் உருவாக்கிய முதல் உலகப் போர் ஆவணப்படத்தில் பழைய மௌனப் படச்சுருள்களுக்கு வண்ணம் சேர்க்கப்பட்டது. வீரர்களின் உதட்டசைவைப் படித்து அவர்கள் பேசியவை அறியப்பட்டு, வேறு குரல்களில் பதிவு செய்யப்பட்டன. முகங்கள் உண்மையானவை, நாம் கேட்கும் குரல் பின்னாளில் சேர்க்கப்பட்டது.

யாருடைய கதை?

ஆவணப்படம் பெரும்பாலும் எழுத்துச் சான்று விட்டுச்சென்றவர்களையே பின்தொடர்கிறது. எம்டனின் இரண்டாம் நிலை அதிகாரி ஹெல்முட் ஃபொன் மியூக்கே தம் அனுபவங்களை நூல்களாக எழுதினார். ஜெர்மனியில் 1926-இல் எம்டன் பற்றித் திரைப்படம் எடுக்கப்பட்டது. அதன் காட்சிகளை வாங்கி, ஆஸ்திரேலியர் தரப்புக் காட்சிகளைச் சேர்த்து, கென் ஜி. ஹால் 1928-இல் ஆஸ்திரேலியாவில் வேறொரு படமாக வெளியிட்டார். ஒரே காட்சி ஒரு நாட்டில் தம் மாலுமிகளின் வீரத்தையும், இன்னொரு நாட்டில் தம் கப்பலின் வெற்றியையும் சொல்லப் பயன்பட்டது.

சென்னையில் இறந்தவர்களும், துறைமுகத்தில் வேலை செய்தவர்களும், மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடியவர்களும் இத்தகைய நூல்களை விட்டுச்செல்லவில்லை. அதனால் கப்பல் தலைவருக்குப் பெயரும் முகமும் கிடைக்கின்றன; கரையிலிருந்தவர்கள் ஓர் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள். 1973-இல் ஒளிபரப்பான 26 பகுதிகள் கொண்ட பிரித்தானியத் தொடர் ஒன்று, இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தலைவர்களோடு சாதாரண மக்களையும் பேசவைத்தது. நேரில் கண்டவர்கள் உயிரோடு இருந்ததால் அது முடிந்தது. 1914-ஐக் கண்டவர்கள் இன்று இல்லை.

ஆயினும் அவர்களின் அச்சம் மொழியில் தங்கியுள்ளது. கண்டிப்பானவரையும் பிறர் அறியாமல் காரியம் சாதிப்பவரையும் ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. 2006-இல் ‘எம்டன் மகன்’ என்ற பெயரில் உருவான திரைப்படம் பின்னர் ‘எம் மகன்’ என்று வெளிவந்தது. போரைக் கண்ட மக்களின் எதிர்வினையைக் காட்ட விரும்பும் ஆவணப்படத்துக்கு இந்தச் சொல்லும் ஒரு சான்று.

வாய்மொழிக் கதையும் வரலாறும்

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து இத்தாக்குதலை நடத்தினார் என்ற கதை தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1914-இல் அவர் ஐரோப்பாவில் இருந்தார். சூரிச்சில் இந்திய விடுதலைக்காக இயங்கிய அவர், அக்டோபரில் பெர்லினுக்குச் சென்றார். சிங்தாவோவிலிருந்து புறப்பட்ட கப்பலில் செப்டம்பரில் அவர் இருந்திருக்க இயலாது. ஐரோப்பாவில் அவர் செய்த பணி உண்மையானது. அதற்குப் பெருமை சேர்க்க இக்கதை தேவையில்லை.

இத்தகைய கதையைப் படம் பிடிப்பது எளிது. கப்பல் மேல்தளத்தில் ஒரு நடிகரை நிறுத்தினால் போதும், கேட்ட கதை கண்ட காட்சியாகிவிடும். செவிவழிச் செய்தியை ஐயுறுபவரும் கண்ணால் கண்டதை எளிதில் நம்பிவிடுகிறார். இங்கேதான் ஆவணப்படத்தின் பொறுப்பு அதிகமாகிறது.

பார்வையாளர் கவனிக்க வேண்டியவை

1964-இல் பிபிசி ஒளிபரப்பிய முதல் உலகப் போர்த் தொடரில், உண்மையான படச்சுருளும் நடித்து எடுத்த காட்சிகளும் வேறுபாடு தெரியாமல் கலக்கப்பட்டன என்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் நோபிள் ஃபிராங்க்லண்ட் எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் எழுப்பிய கேள்வி இன்றைய கணினி வரைகலைக்கும் பொருந்தும்.

போர் ஆவணப்படம் பார்க்கும் மாணவர்கள் சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் காட்சி எப்போது, எங்கே எடுக்கப்பட்டது? நடித்துக்காட்டிய காட்சி என்று திரையில் குறிப்பு உள்ளதா? கேட்கும் ஒலி அன்று பதிவானதா, பின்னர் சேர்க்கப்பட்டதா? யாருடைய நாட்குறிப்பு அல்லது நூலிலிருந்து கதை சொல்லப்படுகிறது? பேசாமல் விடப்பட்டவர் யார்?

எம்டன் தாக்குதலைப் பற்றிய ஒரு நல்ல ஆவணப்படம் எரியும் தொட்டியின் பழைய ஒளிப்படத்தையும், அந்த இரவைக் கற்பனையாகக் காட்டும் வரைகலையையும் அடுத்தடுத்து வைக்கலாம். எது எது என்று பார்வையாளருக்குச் சொல்லிவிட்டால் படத்தின் விறுவிறுப்பு குறையாது. அதன்மீது வைக்கும் நம்பிக்கை கூடும்.