ஸ்டார் ட்ரெக்: அட்டை செட், மொக்கை மான்ஸ்டர்... ஆனாலும் மனதில் நிற்கும் அந்தச் சில விநாடிகள்!

விண்கலம், வேற்றுக்கிரகவாசிகள், கதிர் துப்பாக்கி. 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி சேனலில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் இதெல்லாம் உண்டு. ஆனால், இன்று முதன்முறையாக அதைப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். பாறை, பாறை மாதிரியே இருக்காது. மான்ஸ்டர் வந்தால், உள்ளே ஒரு ஆள் இருப்பது தெரியும். ‘இதையா இத்தனை வருஷமா கொண்டாடுறாங்க?’ என்று தோன்றும்.

கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் பெரிய கதையில் இல்லை. கதைக்கு நடுவே வந்துபோகும் சின்னச் சின்ன தருணங்களில் இருக்கிறது. 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் முதலில் காணாமல் போவதும் அவைதான்.

முதல் அடி யார் அடித்தது?

கதைக்களம் சிம்பிள். 23-ம் நூற்றாண்டு, ‘எண்டர்பிரைஸ்’ என்ற விண்கலம். கேப்டன் கிர்க், உணர்ச்சியை அடக்கி வாழும் வல்கன் இனத்து அப்பாவுக்கும் மனித அம்மாவுக்கும் பிறந்த ஸ்பாக், டாக்டர் மெக்காய், இன்ஜினீயர் ஸ்காட்டி. இவர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1967 டிசம்பர் 29-ல் ஒளிபரப்பான ‘தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’ எபிசோடில் ஒரு விண்வெளி நிலையம். அங்கிருக்கும் பாரில் எண்டர்பிரைஸ் ஆட்களும், எதிரிகளான கிளிங்கான்களும் பக்கத்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘வம்பு வேண்டாம்’ என்பது கேப்டன் உத்தரவு. ஒரு கிளிங்கான், கிர்க்கைக் கண்டபடி திட்டுகிறான். இளம் அதிகாரி செகோவ் கொதித்து எழுகிறார். ஸ்காட்டிதான் அவரைப் பிடித்து உட்கார வைக்கிறார். அடுத்து அந்தக் கிளிங்கான் எண்டர்பிரைஸைக் குப்பைக் கப்பல் என்கிறான். அவ்வளவுதான், ஸ்காட்டியின் கை பறக்கிறது.

ஆனால், ரசிக்க வேண்டியது இந்தச் சண்டையை அல்ல. அதற்குப் பிறகு நடக்கும் விசாரணையை. கிர்க் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ‘யார் ஆரம்பித்தது?’ என்று கேட்கிறார். பள்ளிக்கூடப் பசங்க மாதிரி எல்லோரும் ‘தெரியாது சார்’ என்கிறார்கள். கடைசியில் ஸ்காட்டி மட்டும் தனியாக மாட்டுகிறார். தன்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டினார்கள் என்பதைக் கிர்க் அவர் வாயாலேயே கேட்கிறார். ‘அப்போதானே அடிச்சே?’ என்று ஆசையாகக் கேட்டால், ‘இல்லை சார், அதுக்கெல்லாம் சண்டை போடுறது அவசியமா தெரியலை’ என்று பதில் வருகிறது. கப்பலைத் திட்டியதால்தான் அடித்தாராம்! கிர்க்கின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

தண்டனை? அறையை விட்டு வெளியே வரக் கூடாது. ஸ்காட்டி முகம் மலர்ந்து நன்றி சொல்கிறார்: படிக்காமல் கிடக்கும் டெக்னிக்கல் இதழ்களைப் படித்து முடிக்க நேரம் கிடைக்குமே! ஒரு மனிதன் தன் வேலையை எவ்வளவு நேசிக்கிறான் என்பதை இரண்டு நிமிட காமெடியில் சொல்லிவிட்டார்கள். இந்த எபிசோடை எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு அப்போது இருபதுகளில்தான் வயது.

உப்பு டப்பா மருத்துவம்

இப்படிப்பட்ட காட்சிகள் நிறைய வந்ததற்குப் பணமும் ஒரு காரணம். அதாவது, பணம் இல்லாதது. ஒவ்வொரு கிரகத்திலும் கப்பல் இறங்குவதைக் காட்ட பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் ஆட்களை ஒளியாகக் கரைத்துக் கீழே அனுப்பும் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ பிறந்தது. முதலில் ஒளிபரப்பான எபிசோடுக்காக வித்தியாசமான டிசைனில் உப்பு டப்பாக்கள் வாங்கினார்கள். அவை உப்பு டப்பா மாதிரியே இல்லையே என்று மெக்காயின் மருத்துவக் கருவிகளாக மாற்றிவிட்டார்கள்!

கண்ணைக் கவரும் காட்சிகளுக்கு வழியில்லை என்றால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு அறை, இரண்டு பேர், பேச்சு. அதில்தான் இந்தத் தொடர் ஸ்கோர் செய்தது.

ஒரு அழுகை, ஒரு சிரிப்பு

1966 செப்டம்பர் 29-ல் வந்த ‘தி நேக்கட் டைம்’ எபிசோடில், மனதின் கட்டுப்பாட்டை உடைக்கும் ஒரு தொற்று கப்பலில் பரவுகிறது. சுலு சட்டையில்லாமல் கத்தியைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறார். ஸ்பாக் என்ன செய்வார்? யாரும் இல்லாத அறைக்குள் போய், கதவு மூடிய பிறகு உடைந்து அழுகிறார். எண்களைச் சொல்லி மனதை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அம்மாவிடம் ஒருநாளும் அன்பாகப் பேசியதில்லையே என்பதுதான் அவருடைய துக்கம்.

ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய் கேட்டு வாங்கிய காட்சி இது. அவர் பின்னாளில் சொன்னதன்படி, முதலில் எழுதியிருந்தது வேறு மாதிரியான ஒரு சின்ன காமெடி. படப்பிடிப்பு முடியும் நேரம் நெருங்கிவிட்டதால் ஒரே டேக்கில் எடுத்தார்கள். அதன் பிறகு அவருக்கு வரும் ரசிகர் கடிதங்கள் எகிறின.

சிரிப்பு, அடுத்த ஆண்டு வந்த ‘அமோக் டைம்’ எபிசோடில். சண்டையில் தன் கையாலேயே கிர்க்கைக் கொன்றுவிட்டதாக நினைக்கும் ஸ்பாக், வேலையை விட்டுக் கைதாகத் தயாராகி வந்து நிற்கிறார். பின்னாலிருந்து கிர்க்கின் குரல். சட்டென்று திரும்பி, அவர் கைகளைப் பிடித்து, ‘ஜிம்!’ என்று முகமெல்லாம் சிரிப்பு. இரண்டே விநாடி. மெக்காயும் நர்ஸும் பார்ப்பதைக் கவனித்ததும் முகம் பழையபடி கல்லாகிறது. ‘திறமையான கேப்டனை இழக்கவில்லை என்ற தர்க்கரீதியான நிம்மதி’ என்று ஒரு சப்பைக்கட்டு வேறு! அந்த இரண்டு விநாடி வேலை செய்ய, அதற்கு முன் ஒரு சீசன் முழுக்க அவர் அப்படிச் சிரிக்காமல் இருக்க வேண்டியிருந்தது. ரீல்ஸில் வெட்டிப் போட்டால் பாதி அர்த்தம்கூட தேறாது.

யாரும் திரும்பிப் பார்க்காத நாற்காலி

எல்லாவற்றிலும் கனமானது ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’. எதிரிகளான ரோமுலன்களின் முகம் முதன்முறையாகத் திரையில் தெரிகிறது. அச்சு அசல் ஸ்பாக் மாதிரியே! போரில் குடும்பத்தினரை இழந்த அதிகாரி ஸ்டைல்ஸ், உடனே ஸ்பாக்கை உளவாளி போலப் பேச ஆரம்பிக்கிறார். கிர்க் நாற்காலியை அவர் பக்கம் திருப்புகிறார். ‘இந்த வெறுப்பையெல்லாம் உங்கள் அறையோடு வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அதற்கு இடமில்லை’ என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். கத்தலும் இல்லை, பிரசங்கமும் இல்லை.

பிறகு ஸ்டைல்ஸ் ஆயுத அறைக்குப் போகிறார். கப்பலைச் செலுத்தும் வழிகாட்டும் இருக்கை காலியாகிறது. அதில் உஹுராவை உட்காரச் சொல்கிறார் கிர்க். அவர் போய் உட்கார்கிறார். யாரும் எதுவும் சொல்வதில்லை. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்க அமெரிக்காவில் சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்பினப் பெண் போர்க்கப்பலை வழிநடத்துவது அங்கே ஒரு செய்தியே இல்லை என்பதுதான் செய்தி. (குட்டைப் பாவாடை யூனிஃபார்ம் வேறு கதை. தொடர் எல்லா விஷயத்திலும் முன்னோடி இல்லை.) உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ், தொடரை விட்டு விலக நினைத்தபோது தன்னைத் தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

மூன்றாவது சீசன் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது. கதைகளும் தளர்ந்தன. 79 எபிசோடுகளோடு 1969-ல் தொடர் முடிந்தது. உள்ளூர் சேனல்களின் மறுஒளிபரப்பில்தான் பெரிய ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கு ‘தி டெவில் இன் த டார்க்’ நல்ல சாய்ஸ். சுரங்கத்தில் ஆட்களைக் கொல்லும் ஹோர்ட்டா, பார்க்க உருகிய பீட்சா மாதிரிதான் இருக்கும். அது தன் முட்டைகளைக் காக்கப் போராடும் தாய் என்று தெரியும்போது சிரிப்பு நின்றுவிடும். கடைசிக் காட்சியில், மனித உருவமே ஹோர்ட்டாவுக்கு அருவருப்பு, ஆனால் தன் கூரான காதுகள் மட்டும் அதற்கு ரொம்பப் பிடித்திருந்தன என்கிறார் ஸ்பாக். நல்ல ரசனை உள்ள ஜீவன் என்று பாராட்டு வேறு. ‘நாளுக்கு நாள் மனிதனாகவே மாறிட்டு வர்றீங்க’ என்று கிர்க் சீண்டுகிறார். இங்கே நின்று அவமானப்பட வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, ஸ்பாக் நகர்ந்து போகிறார்.