குளிரில் கரையும் கொழுப்பு: எவ்வளவு கரையும், எது கரையாது?

போன மாதம் தோழி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். "கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஒரே மணி நேரத்தில் தொப்பைக்கு விடை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே தவணை வசதி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். கடைசிப் பிரசவம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. "நீ எதையாவது தேடித் தேடிப் படிப்பியே, இது நிஜமாவே வேலை செய்யுமா, சொல்லு" என்று கேட்டிருந்தாள்.

"செய்யும். ஆனா எதுக்கு வேலை செய்யும்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்" என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

ஐஸ் குச்சியில் ஆரம்பித்த கதை

இந்த வகைச் சிகிச்சைகளில் உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது கிரையோலிபாலிசிஸ். கொழுப்பைக் குளிரவைத்து அழிப்பது என்று சொல்லலாம். கூல்ஸ்கல்ப்டிங் என்பது அதில் பிரபலமான ஒரு பிராண்டின் பெயர்.

இதன் வேர் ஒரு குழந்தையின் கன்னத்தில் இருக்கிறது. 1970-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு மருத்துவர்கள் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். குச்சி ஐஸ் சப்பிய ஒரு கைக்குழந்தைக்குக் கன்னத்தின் உள்பக்கக் கொழுப்பு வீங்கி, வெளியே சிவந்து தடித்திருந்தது. மேல்தோலுக்குப் புண் எதுவும் இல்லை, அடியில் இருந்த கொழுப்புக்கு மட்டும் பாதிப்பு. இதற்கு 'பாப்சிகிள் பானிகுலைடிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பயப்பட வேண்டியதில்லை, சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும் விஷயம்தான்.

தோலுக்கு ஒன்றும் ஆகாமல் கொழுப்பு மட்டும் எப்படிப் பாதிக்கப்பட்டது? நம் வீட்டுக் குளியலறையிலேயே விடை இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், கட்டியாக உறைந்திருக்கும். பக்கத்து வாளியில் இருக்கும் தண்ணீர் உறைவதில்லை. கொழுப்பு, தண்ணீரை விட அதிக வெப்பநிலையிலேயே உறையத் தொடங்கிவிடும். தோல், தசை எல்லாம் பெரும்பாலும் தண்ணீர், கொழுப்பு செல்லுக்குள் இருப்பதோ கொழுப்பு. சரியான அளவு குளிரைக் கொடுத்தால் தோல் தப்பிக்கும், கொழுப்பு செல் அடிவாங்கும்.

இதைச் சிகிச்சையாக மாற்றியவர்கள் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் இருவரும். பன்றிகளின் தோலில் செய்து பார்த்த சோதனைகளை 2008-ல் வெளியிட்டார்கள். 2010-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. 2012-ல் வயிற்றுக்கும், அதன் பிறகு தொடைக்கும் தாடையின் அடிப்பகுதிக்கும் அனுமதி கிடைத்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஜெல் தடவிய ஒரு விரிப்பைத் தோலில் வைத்து, அதன் மேல் ஒரு கிண்ணம் போன்ற கருவியைப் பொருத்துவார்கள். அது சதையை உறிஞ்சி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கருவியைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை குளிரூட்டும். முதலில் சுரீர் என்று இருக்கும், அப்புறம் மரத்துப் போகும். எடுத்ததும் அந்த இடம் வெண்ணெய்க் கட்டி மாதிரி விறைத்து நிற்கும், அதைத் தேய்த்துப் பிசைந்து விடுவார்கள். சிவத்தல், வீக்கம், மரத்துப்போன உணர்ச்சி எல்லாம் சில நாள் முதல் சில வாரம் வரை இருக்கலாம்.

"ஒரே மணி நேரத்தில்" என்பது கருவி உடம்பில் இருக்கும் நேரம்தான், பலன் தெரியும் நேரம் இல்லை. குளிர்பட்ட செல்கள் உடனே வெடித்துக் கரைவதில்லை. 'இனி வேலைக்காகாது' என்று தாமாகவே மெல்ல மெல்லச் சாகின்றன. பிறகு உடம்பின் துப்புரவுப் பணியாளர்களான மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். இவ்வளவு மெதுவாக நடப்பதால்தான் ரத்தக் கொழுப்பு அளவு குறிப்பிடும்படி ஏறுவதில்லை என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

மற்ற முறைகளும் ஏறக்குறைய இதே தத்துவம்தான், ஆயுதம் மட்டும் வேறு. லேசர், ரேடியோ அலை, குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்ட் ஆகியவை பெரும்பாலும் சூட்டால் கொழுப்பு செல்லைச் சாகடிக்கப் பார்க்கின்றன. இரட்டைத் தாடைக்கு 2015-ல் எஃப்டிஏ ஒப்புதல் பெற்ற டிஆக்ஸிகோலிக் அமில ஊசி, நம் பித்தநீரில் உள்ள ஒரு பொருளைக் கொண்டு செல்லின் சுவரையே கரைக்கிறது. காந்தப்புலத்தால் தசையைச் சுருங்கி விரிய வைக்கும் கருவிகள் முக்கியமாகத் தசைக்கானவை.

சரி, எவ்வளவு குறையும்?

ஆய்வுகளில் கிரையோலிபாலிசிஸுக்குச் சொல்லப்படும் சராசரி, சிகிச்சை செய்த இடத்தின் கொழுப்புப் படலத்தில் சுமார் 20 முதல் 25 சதவீதம். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உடம்புக் கொழுப்பில் 25 சதவீதம் இல்லை, எடையில் 25 சதவீதமும் இல்லை. அந்தக் கிண்ணம் பிடித்த இடத்தில், தோலுக்கு அடியில் இருக்கும் படலத்தின் கனத்தில் கால் பங்கு. 4 சென்டிமீட்டர் படலம் என்றால் மூன்று, மூன்றேகால் ஆகும். எடை மெஷினில் ஏறினால் முள் அசையாது.

ஏற்கெனவே எடை கட்டுக்குள் இருந்து, ஒரு இடத்தில் மட்டும் சதை பிடிவாதமாக நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 20 கிலோ குறைக்க வேண்டியவருக்குத் தெரியாது.

மூன்று விதத் தொப்பை

என் தோழிக்கு நான் முக்கியமாகச் சொன்னது இதைத்தான். 'தொப்பை' என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது ஒரே பொருள் இல்லை.

முதலாவது, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் கைக்குள் வரும். இந்தச் சிகிச்சைகள் தொடக்கூடியது இதை மட்டும்தான்.

இரண்டாவது, வயிற்றுத் தசைக்கும் உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கும் கொழுப்பு. வயிறு உருண்டு, கெட்டியாக இருக்கும், கிள்ளினால் கைக்குப் பெரிதாகச் சிக்காது. நீரிழிவு, இதயநோய் என்று மருத்துவர்கள் கவலைப்படுவது பெரும்பாலும் இதை நினைத்துத்தான். எந்தக் கிண்ணமும் அங்கே போகாது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

மூன்றாவது, கொழுப்பே இல்லாத தொப்பை. கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுவில் உள்ள இரண்டு நேர்தசைகளும் விலகிக் கொடுக்கும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அவை பழையபடி சேர்வதில்லை. உடம்பு ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் நாலு மாதக் கர்ப்பம் போல முன்னால் நிற்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளியில் உள்ளே போனால், மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுவது நல்லது. குளிரூட்டுவதால் தசை ஒன்று சேராது. தளர்ந்து தொங்கும் தோலும் அப்படித்தான், அடியில் கொழுப்பைக் குறைத்தால் சில சமயம் இன்னும் தொய்வாகக்கூடத் தெரியும்.

கொழுப்பு போனால் ஆரோக்கியம் வருமா?

இதற்கு 2004-ல் வந்த ஒரு ஆய்வு நல்ல பதில். உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு அறுவை சிகிச்சை முறையில், அதாவது லைப்போசக்ஷனில், ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எதிலும் முன்னேற்றம் இல்லை. 10 கிலோ எடுத்தே மாறாதது, ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் மாறுமா? இது அழகுக்கான சிகிச்சை. அழகுக்காகச் செய்வது தப்பே இல்லைங்க, ஆனால் ஆரோக்கியம் என்ற பெயரில் விற்றால் ஏமாற வேண்டாம்.

பெண்களின் தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈஸ்ட்ரோஜன் அந்த இடத்தில் சேமிக்கச் சொல்கிறது, பால் கொடுக்கும் காலத்தில் உடம்பு அதை எடுத்துச் செலவழிக்கிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்போடு ஒப்பிட்டால் இது சாது. 'அந்த இடத்துக்கு மட்டும்' உடற்பயிற்சி செய்து கரைப்பதும் கஷ்டம். 1971-ல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருஷக்கணக்கில் மட்டை பிடித்த கையில் தசை பெருத்திருந்ததே தவிர, தோலடிக் கொழுப்பின் கனம் இரண்டு கையிலும் ஒன்றுதான்.

திரும்பி வருமா?

'செத்த செல் செத்ததுதான், திரும்ப வராது' என்பார்கள். பாதி உண்மை. பெரியவர்களின் உடம்பில் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்பதை 2008-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பனிப்போர் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 அளவை வைத்துச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் செல்கள் செத்து, அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன. தவிர, மிச்சம் இருக்கும் செல்கள் எப்போது வேண்டுமானாலும் பெருக்கலாம். 2011-ல் லைப்போசக்ஷன் செய்துகொண்ட பெண்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, எடுத்த அளவு கொழுப்பு உடம்பில் மறுபடி சேர்ந்திருந்தது. தொடையில் எடுத்தது வயிற்றுப் பக்கம் வந்திருந்தது. அது லைப்போசக்ஷன், இது வேறு முறை என்றாலும் பாடம் ஒன்றுதான்: எடை ஏறினால் பலன் நிற்காது.

குறைய வேண்டியது பெருத்தால்?

விளம்பரத்தில் இந்தப் பகுதி இருக்காது. கிரையோலிபாலிசிஸ் செய்த சிலருக்கு, சில மாதம் கழித்து அந்த இடத்துக் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக வளர்ந்து கெட்டிப்படுகிறது. கிண்ணம் வைத்த அச்சு அப்படியே மேடாகத் தெரியும். மருத்துவ உலகம் முதல்முதலாக இதைப் பதிவு செய்தது 2014-ல். தானாகக் குறையாது, பெரும்பாலும் லைப்போசக்ஷன் போன்ற அறுவை சிகிச்சைதான் வழி. கத்திக்குப் பயந்து போனவர் கடைசியில் கத்திக்கே வரவேண்டியதாகிறது.

1990-களில் உலகப் புகழ்பெற்ற மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா, தனக்கு இப்படி ஆனதால்தான் பல வருஷம் வெளியே தலைகாட்டவில்லை என்று 2021 செப்டம்பரில் அறிவித்து வழக்குப் போட்டார். 2022-ல் அது சமரசத்தில் முடிந்தது. ஆரம்பத்தில் 20,000-ல் ஒன்று என்ற அளவில் சொல்லப்பட்ட இந்தப் பாதிப்பு, அதைவிட அதிகம் என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இன்னும் அரிதுதான். ஆனால் அரிது என்றால் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

- என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்து, இது எந்த வகை என்று மருத்துவர் சொன்னாரா, இல்லை வரவேற்பில் இருப்பவரே பேக்கேஜ் போட்டுவிட்டாரா?
- எந்தக் கருவி, எந்த நிறுவனம்? இயக்கப் போவது யார், என்ன பயிற்சி?
- பழைய சிசேரியன் தழும்பில் குடலிறக்கம் இருக்கிறதா? இருந்தால் அந்த இடத்தில் கூடாது.
- குளிர் பட்டால் ரத்தம் கெடும் கிரையோகுளோபுலினீமியா போன்ற நோய் இருக்கிறதா? இருந்தால் கிரையோலிபாலிசிஸ் அறவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும்.
- பெருத்துப் போனால் அந்தச் சிகிச்சைக்கான செலவு யாருடையது? எழுத்தில் கொடுப்பார்களா?
- மூன்று மாதம் கழித்து, அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் படம் எடுத்துக் காட்டுவார்களா?

தோழி அன்று இரவே மல்லாந்து படுத்து அழுத்திப் பார்த்திருக்கிறாள். "மூணு விரல் போகுதுடி" என்று மெசேஜ் வந்தது. கிள்ளினால் பெரிதாகச் சதையும் வரவில்லையாம். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அவள் கூப்பிடவில்லை, அடுத்த வாரம் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தாள். இப்போது தினமும் இருபது நிமிஷம் மூச்சோடு சேர்த்துச் செய்யும் பயிற்சி. வயிறு உள்ளே போகுமா என்று கேட்டால், "அது மெதுவா பார்க்கலாம், முதல்ல முதுகு வலி குறைஞ்சிருக்கு" என்கிறாள்.

அவளுக்குக் கிள்ளினால் கைக்கு வரும் கொழுப்பு இருந்து, விவரம் தெரிந்து, காசும் இருந்து, 'எனக்கு வேணும்' என்று போயிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். கைக்கே வராத கொழுப்புக்குத் தவணை கட்ட இருந்தாளே, அதுதான் என் கவலை.