முதுகுவலியும் எலும்புருக்கியும்: எக்ஸ்ரே எதைக் காட்டும்?



நம் குழுக் கூட்டங்களில் முதுகுவலி என்று சொல்லாத ஆளே இல்லை. நாற்று நடுகிறோம், பூப் பறிக்கிறோம், வாழைத்தார் தூக்குகிறோம். திருச்சிப் பக்கம் செயற்கை வைரம் பட்டை தீட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். "கு.க. ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலேருந்து வலிதான்" என்கிற பேச்சும் உண்டு. அதனால் முதுகுவலி என்றால் தைலம், வலி மாத்திரை, அதோடு சரி. பெரும்பாலான வலி அப்படிக் குறைந்தும் விடும். குறையாத ஒரு வலியைப் பற்றி இங்கே சொல்கிறோம்.

காசநோயை நம் பாட்டிமார் எலும்புருக்கி என்பார்கள். ஆள் உருகிப்போவதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கிருமி சிலருக்கு நிஜமாகவே எலும்பை அரிக்கிறது. பெரும்பாலும் நுரையீரலில் இருந்து ரத்தம் வழியாகப் போய் எலும்பில் தங்குகிறது. எலும்பிலும் மூட்டிலும் வரும் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான். பலருக்கு இருமலோ சளியோ இருக்காது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

வேலை அலுப்பால் வரும் வலி படுத்தால் கொஞ்சம் விடும். இது ராத்திரியிலும் விடாது. வாரக்கணக்கில் நீடித்து, மெள்ள மெள்ளக் கூடும். சாயங்காலமானால் லேசான காய்ச்சல், பசி இல்லாமை, ரவிக்கை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு இளைப்பு. சிலருக்கு இவை எதுவுமே இருக்காது, வலி மட்டும்தான். மூன்று நான்கு வாரமாக ஒரே இடத்தில் வலி இருந்தால் எக்ஸ்ரே தேவையா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் இடைவெளி இருக்கிறதல்லவா, முதுகெலும்பும் அப்படித்தான். எலும்பு வெள்ளையாகவும், இடையில் உள்ள மெத்தை போன்ற தட்டு இருக்கும் இடம் கறுப்பாகவும் தெரியும். காசநோய் வந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளின் ஓரம் அரிந்து, நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிப்போகும். பக்கத்தில் சீழ் சேர்ந்திருந்தால் அதன் நிழலும் தெரியலாம். எலும்பு முன்பக்கம் நொறுங்கினால் முதுகு வளைந்து கூன் விழும். இது பக்கவாட்டில் எடுக்கும் படத்தில்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுக்கிறார்கள். காசுக்காக இல்லை.

இங்கேதான் நம் பெண்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்தபிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆரம்பத்தில் எடுத்த படம் சுத்தமாக இருக்கும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, நீதான் சும்மா சொல்றே" என்று வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். வலி நீடித்தால் மறுபடியும் போக வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துவிடும். படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், முடிந்தவரை ஊசி மூலம் சீழோ சதையோ எடுத்துக் கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் பார்ப்பார்கள். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமலோ போக முடியாமலோ இருப்பது என்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். தண்டுவடம் அழுந்துகிறது என்று அர்த்தம். நாளை கூட்டம் இருக்கிறது, தவணை கட்ட வேண்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஸ்ரீரங்கம் பக்கம் இருப்பவர்கள் மற்ற நேரத்தில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டலாம். இப்படிக் கால் விழுகிற நிலை என்றால் நேராகத் திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

ஆபரேஷன் என்று பயந்து ஒளிகிறவர்களும் உண்டு. சென்னையில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் 1975-ல் தொடங்கிய ஆய்வில், முதுகெலும்புக் காசநோயாளிகளில் சிலருக்கு ஆபரேஷனும் மருந்தும், மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே 6 அல்லது 9 மாதம் மருந்து மட்டும் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் நடக்கவே முடியாத அளவுக்குக் கால் விழுந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அந்த நிலைக்குப் போனவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். விழுந்துவிட்ட கூனை மாத்திரை நிமிர்த்தாது.

இப்போது நம் நாட்டில் இதற்குப் பொதுவாக 12 மாதம் மருந்து, தேவைப்பட்டால் 18 மாதம் வரை. அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டு மாதத்தில் வலி குறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. அது வங்கிக் கணக்கில்தான் வரும். பாஸ்புக் நகலைக் கொடுத்துப் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். கந்துவட்டிக்கு வாங்கி ஸ்கேன் எடுப்பதற்கு முன் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். போக்குவரத்துச் செலவுக்கு வேண்டுமானால் குழுவில் அவசரக் கடன் கேட்கலாம்.

முதுகெலும்பில் மட்டும் இருக்கும் காசநோய் மற்றவர்களுக்கு ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம், குழந்தையைப் பிரிக்க வேண்டாம். நுரையீரலிலும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். அதில் இருந்தால் இருமல் மூலம் பரவும், வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன் நாள் தள்ளிப்போயிருந்தால் கூச்சப்படாமல் அங்கே சொல்லிவிடுங்கள். பிலிமை மடிக்காமல், சுருட்டாமல் உறையோடு தட்டையாக வையுங்கள், பரண் மேல் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது பழைய படத்தையும் எடுத்துப்போனால் டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எலும்பு இன்னும் அரிகிறதா, கெட்டிப்பட்டு ஆறுகிறதா என்று பார்ப்பார்.