பாரசீகம் பயின்ற படை மருத்துவர்

அனகாபுத்தூரிலிருந்து ஜும்ஆ நாளில் திருவல்லிக்கேணிக்குப் புறப்படும் அன்பர்களே! பம்மலையும் பல்லாவரத்தையும் கடந்து, பெருஞ்சாலை வழியே நகருக்குள் நுழைந்து, வாலாஜா பெரிய பள்ளிவாசலில் தொழுது மீண்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். 1795ஆம் ஆண்டில் எழுந்த அந்தப் பள்ளியின் கருங்கல் தூண்களை அண்ணாந்து நோக்கி வியந்துமிருப்பீர்கள். ஆனால், அதே திருவல்லிக்கேணியில் 1850ஆம் ஆண்டில் ‘முகம்மதன் பொது நூலகம்’ என்னும் பெயரால் ஓர் அறிவுச்சாலை நிறுவப்பட்டதையும், அதனை நிறுவியவர் நவாபோ, ஆலிம் பெருமகனோ அல்லர், கம்பெனிப் படையைச் சேர்ந்த ஓர் ஆங்கில மருத்துவ அதிகாரி என்பதையும் அறிந்தவர் எத்தனை பேர்?

ஆங்கிலேயர் என்று வழக்கம் பற்றிச் சொன்னோமேயன்றி, எட்வர்டு கிரீன் பால்ஃபர் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரிலே 1813ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1834ஆம் ஆண்டில் இந்தியா வந்து, 1836இல் சென்னை மாகாண மருத்துவத் துறையில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அந்நாளில் உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள பல்லாவரமே கம்பெனியின் படைவீடுகளுள் ஒன்று. படை மருத்துவர்கள் வருவார்கள், சில ஆண்டு சம்பளம் வாங்குவார்கள், தாயகம் திரும்புவார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இந்நாட்டு மொழிகளில் ஆணையிடுவதற்கு வேண்டிய நாலு சொற்களுக்கு மேல் கற்க விரும்பியதில்லை.

பால்ஃபர் அவ்வாறிருக்கவில்லை. படைகளோடு தக்காணத்தில் பணியாற்றிய காலத்திலேயே அவருக்கு மக்களின் பேச்சில் ஈடுபாடு பிறந்தது. ஊர் ஊராய்த் திரியும் நாடோடிக் குலத்தவரைப் பற்றி 1840களில் கட்டுரை வரைந்தார். சிப்பாய்களின் பாசறைகளில் பெரிதும் வழங்கிய இந்துஸ்தானியைக் கற்றார். நோயாளியின் நோவை அவனுடைய வாயாலேயே கேட்டறிய வேண்டிய மருத்துவனுக்கு மொழி எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. இந்துஸ்தானியிலிருந்து பாரசீகத்துக்குச் செல்லும் வழி நெடியதன்று. சொற்களும் எழுத்தும் பெரும்பாலும் பொது.

பாரசீகம் 1837ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனி நீதிமன்றங்களிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. பதவி ஏற்றத்துக்காக அதனைக் கற்றோர் அதன்பின் கைவிட்டதில் வியப்பில்லை. ஆனால் சேப்பாக்கத்து அரண்மனையில் அம்மொழி வாழ்ந்துகொண்டிருந்தது. கருநாடக நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் தாமே பாரசீகக் கவிஞர். ‘ஆஸம்’ என்னும் புனைபெயருடையவர். கவிஞர்களின் வரலாறுகளைத் தொகுத்தவர். அவருடைய அவைக்கு அரசின் முகவராகவும், கருநாடக உதவிச் சம்பளங்களை வழங்கும் அதிகாரியாகவும் பால்ஃபர் அமர்த்தப்பட்டார். அரசாங்கத்தின் பாரசீக, இந்துஸ்தானி மொழிபெயர்ப்பாளராகவும் பல்லாண்டு பணி செய்தார். இவ்வாறு மருந்துப் பெட்டியோடு வந்தவர் கிதாபுகளோடு வாழ்பவரானார்.

1850ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மிகவும் வளமான ஆண்டு. பாரசீக, இந்துஸ்தானிக் கவிஞர்களின் பாடல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளைக் கல்லச்சில் பதித்து, ‘குல்தஸ்தா’ என்ற பெயரில் சென்னையில் வெளியிட்டார். ரோஜாப் பூச்செண்டு என்பது அதன் பொருள். அதே ஆண்டில்தான் நாம் தொடக்கத்திற் குறித்த நூலகமும் எழுந்தது. முஸ்லிம்களிடையே வாசிப்பும் புதுக்கல்வியும் பரவவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஓதுமாறு பணித்த கட்டளையோடு இறங்கத் தொடங்கிய வேதத்தை உடைய சமுதாயத்துக்கு நூலகம் அமைக்க வேற்று நாட்டார் ஒருவர் வரவேண்டியிருந்ததே என்று இதனைப் படிக்கும் அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும், அதுவும் நன்றே.

குல்தஸ்தாவைக் காட்டிலும் நம் உள்ளத்தைத் தொடுவது அவரது மற்றொரு பணி. கான்குவெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூலைப் பால்ஃபர் இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அத்துடன் அமையாது, அந்நூலைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர்க்கச் செய்து, தம் சொந்தச் செலவிலேயே அச்சிட்டார். பிரசவ வேதனையில் துடிக்கும் ஏழைப் பெண்ணுக்கு ஆங்கில நூலால் ஆவதென்ன? அருகிருக்கும் மருத்துவச்சிக்கு விளங்கும் மொழியில் அது வந்தாலன்றோ பயன்! புலமை எதற்கு என்று அவரை வினவியிருந்தால் இந்நூலையே எடுத்துக் காட்டியிருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

நிற்க. வெறும் புகழுரையோடு இவ்வரலாற்றை முடித்துவிட இயலாது. 1855ஆம் ஆண்டில் நவாப் மக்களின்றி மறைந்தார். அவருடைய சிறிய தந்தையார் அஸீம் ஜா அவர்களின் உரிமையைக் கம்பெனி ஏற்க மறுத்தது. நவாபுப் பட்டம் ஒழிந்தது. சேப்பாக்கத்து அரண்மனை கைமாறி அரசுடைமையாயிற்று. அதன்பின் 1858 முதல் 1861 வரை, மறைந்த நவாபின் கடன்களை ஆராய அமைந்த ஆணையத்தில் அமர்ந்தவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? நவாபின் அவையில் பாரசீகம் பேசிய அதே பால்ஃபர்தான்! எந்த மொழியறிவு அவ்வரண்மனையின் வாயிலை அவருக்குத் திறந்துவிட்டதோ, அதே மொழியறிவு அதன் கடன் பத்திரங்களைக் கணக்கெடுக்கவும் உதவிற்று. அவர்மீது கையூட்டுக் குற்றமோ கொடுமைக் குற்றமோ சுமத்த நாம் முன்வரவில்லை. அவர் அரசின் ஊழியர். இட்ட பணியைச் செய்தார். எனினும் அந்நியர் ஆட்சியில் கீழைமொழிப் புலமைக்கு இரண்டு முகங்கள் இருந்தன என்பதை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகும்.

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதன் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. நவாப் வளர்த்த விலங்குகளை அவரிடம் கேட்டுப் பெற்று, 1855இல் சென்னையின் முதல் விலங்குக் காட்சிக்கு வித்திட்டவரும் அவரே. அந்தக் காட்சிசாலை இடம் மாறி மாறி, 1985இல் வண்டலூர் வந்து சேர்ந்தது. விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது சேப்பாக்கத்து நவாபையும் ஒருகணம் நினைவுகூருங்கள்.

அவருடைய பெருநூல் ‘இந்தியக் கலைக்களஞ்சியம்’ ஆகும். 1857இல் முதற்பதிப்பு, 1871 முதல் 1873 வரை ஐந்து தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு, 1885இல் மூன்று தொகுதிகளாக மூன்றாம் பதிப்பு. ஒரு மரத்தின் பெயரை எடுத்தால் அது இந்துஸ்தானியில் என்ன, தமிழில் என்ன, தெலுங்கில் என்ன என்று வரிசையாகத் தரும் நூல் அது. சில இடங்களில் பிழையும் உண்டு. தனியொருவர் சுமந்த சுமைக்கு அது பொறுக்கத்தக்கதே.

மாகாண மருத்துவத் துறையின் தலைமைப் பதவியை 1871இல் அடைந்த பின்னரும், இந்துஸ்தானியில் மகப்பேற்று நூல் எழுதிய காலத்துக் கவலை அவரை விட்டகலவில்லை. கோஷா முறையைக் கடைப்பிடிக்கும் பெண்களும் பிற இல்லங்களின் பெண்களும் ஆண் மருத்துவரிடம் செல்ல நாணி உயிர் துறப்பதை அவர் அறிந்திருந்தார். பெண்களே மருத்துவம் கற்கவேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சேர்ந்தவர் நால்வர். அவர்களுள் மேரி ஷார்லிப் அம்மையாரும் ஒருவர். மறு ஆண்டே பால்ஃபர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஐரோப்பியரும் கூடி அவருக்கு வாழ்த்துரை வழங்கினர். அவர் உருவப்படம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றது. 1889 டிசம்பரில் இலண்டனில் காலமானார்.

ஷார்லிப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் பெண்களுக்கென்றே தோன்றிய மருத்துவமனை, பின்னர்ச் சேப்பாக்கத்தில் நிலைபெற்றது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அதற்கு இன்று பெயர். ஆயினும் நம் வீட்டு மூதாட்டிகளைக் கேளுங்கள். ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள்.