பேட்ஜ் இல்லாதவருக்கு யார் கணக்கு?

மதுரை காளவாசல் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஈயக் கோட்டுக்குள்ளே நெஞ்சில் டிஎல்டி பேட்ஜ் குத்தியிருப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பினால், உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கெடுத்துச் சொல்வார்கள். ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு வருவது அதில் துளிதான். ஆனாலும் நாளைக்கு ஏதாவது ஆனால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது. பைபாஸ் ரோட்டில் காயலான் கடை வைத்திருக்கும் என் மச்சானின் ஆட்களுக்கு அது இல்லை.

பழைய இரும்பில் கதிர் எங்கே வந்தது என்று சிரிக்க வேண்டாம். 2010 பிப்ரவரியில் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில், 1985க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த காமா கருவி ஒன்று ஏலத்தில் போனது. உள்ளே கோபால்ட்-60. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை வெட்டிப் பிரித்தார்கள். ஒரு துண்டை ஒருவர் பர்ஸிலேயே வைத்துக்கொண்டார். தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஏப்ரல் 26 அன்று ஒரு தொழிலாளி இறந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அணுஉலை நடத்துபவரின் பொறுப்பு 1,500 கோடி ரூபாய், உடல் பாதிப்புக்கு 20 வருட அவகாசம் என்று கூடங்குளம் போராட்ட நாட்களில் பேசிப் பேசித் தீர்த்தோமே, அதே சட்டம்தான். மாயாபுரி ஆட்களைப் போன்றவர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. மருத்துவம், ஆராய்ச்சி, தொழிலுக்கென்று தயாராகிவிட்ட ஐசோடோப்புகளை அது வரையறையிலேயே விலக்கி வைத்தது.

எனக்கு வேறொரு பிடி இருந்தது. 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கதிர்வீச்சு நோய்களும் இருந்தன. கதிர் படும் வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அது. இல்லையென்று நிரூபிப்பது முதலாளி பாடு. ஆனால் இரும்பு வெட்டுகிறவர் 'கதிர் வேலை' செய்பவர் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. அன்றே கை வெந்தால் விபத்து என்று வழக்காடலாம். பதினைந்து வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்தால்? எதனால் வந்தேன் என்று புற்றுநோய் முத்திரை குத்திக்கொண்டு வருவதில்லை.

அமெரிக்கா 1990இல் இதற்கு ஒரு வழி கண்டது. அணுகுண்டுச் சோதனை நடந்த காலத்தில் குறிப்பிட்ட மாவட்டங்களில் வசித்தாயா, பட்டியலிலுள்ள நோய் வந்ததா, அவ்வளவுதான் கேள்வி, 50,000 டாலர். காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 2024இல் காலாவதியான அந்தச் சட்டம் அடுத்த ஆண்டு திரும்ப வந்தபோது தொகை 1,00,000 டாலர் ஆனது. இருந்த இடமும் தேதியுமே சாட்சி. இங்கே வேண்டியதும் அதுதான் என்பேன்.

மச்சான் கடைத் தராசுக்கு மேலே மூவிதழ்க் கதிர்ச் சின்னத்தை ஒட்டியிருக்கிறேன்; இது இருந்தால் வெட்டாதே, விலகு, போலீசுக்குச் சொல். எந்தச் சரக்கை என்றைக்கு யார் வெட்டினார் என்று ஒரு நோட்டும் போடச் சொன்னேன்.

"பேரெழுதி வச்சா நாளைக்கு என்கிட்டயே நஷ்டஈடு கேப்பாய்ங்களே மாப்ளே?"

அதற்குத்தான் எழுதச் சொல்கிறேன் என்றேன்.