குதிரைக்கும் வயிற்றுப் புண்!

"கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்!" வேலைக்குக் கள்ளனைப் பார்த்து நம் ஊரில் இப்படிச் சொல்வார்கள். ஆனால், கொள்ளு என்றாலும் வாயை மூடிக்கொள்கிற குதிரை உண்டு, தெரியுமா?

பந்தயக் குதிரை லாயங்களில் இது சர்வ சாதாரணம். தொட்டியில் தானியத்தைக் கொட்டினால் இரண்டு வாய் தின்னும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புல்லைப் போட்டால் மட்டும் மெல்லும். நாளாக ஆக, மேனியின் பளபளப்பு போய்விடும். சேணத்தைப் போட்டு வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு கடிக்க வரும். ஓட்டத்திலும் பழைய வேகம் இராது.

"திமிர் பிடித்த குதிரை" என்று பெயர் வந்துவிடும். சவுக்கடி விழும். இனிப் பயனில்லை என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு.

அதற்குத் திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. வயிற்றிலே புண்! வாயில்லாப் பிராணி வேறு எப்படிச் சொல்லும்?

ஹாங்காங்கில் கண்டது

ஹாங்காங்கில் குதிரைப் பந்தயம் வெகு பிரசித்தம். ஆனால் அங்கே குட்டி ஈன்று வளர்க்கும் பண்ணைகள் கிடையாது. ஓடுகிற குதிரைகள் அத்தனையும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. உயிர் போன 195 பந்தயக் குதிரைகளின் இரைப்பைகளை அங்கே மிருக வைத்தியர்கள் அறுத்துப் பார்த்தார்கள். முடிவு 1986-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 66 குதிரைகளுக்கு இரைப்பையில் புண்!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அதில் இருந்தது. பயிற்சியில் இருந்த நிலையிலேயே உயிர் விட்ட குதிரைகளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் நூற்றுக்கு 80-க்குப் புண். ஓட்டத்தை விட்டு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஓய்வில் இருந்தவற்றில் நூற்றுக்கு 52-க்குத்தான். அதாவது, பந்தய வாழ்க்கை முடிந்ததும் புண் ஆறத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் கோளாறு குதிரையிடம் இல்லை. அதை நாம் வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது!

ஓயாத அமிலம்

குதிரை எவ்வளவு பெரிய பிராணி! ஆனால் அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். மாட்டின் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் என்பதை நினைத்துப் பாருங்கள். மாடு அவசரமாக மேய்ந்துவிட்டு, ஆற அமர அசை போடும். குதிரையால் அது முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும் மேய வேண்டும். திறந்தவெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும்.

இதற்குத் தகுந்தபடிதான் அதன் இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. நமக்குச் சாப்பாட்டு வேளையில் அதிகமாகவும் மற்ற வேளையில் குறைவாகவும் சுரக்கும். குதிரைக்கு இரவு பகல் ஓய்வில்லை. தீனி இருந்தாலும் சுரக்கும், இல்லாவிட்டாலும் சுரக்கும்!

அமிலத்தை முறிக்கும் மருந்தும் குதிரையிடமே இருக்கிறது. அதுதான் உமிழ்நீர். ஆனால் குதிரைக்கு மெல்லும்போது மட்டுமே உமிழ்நீர் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன அதற்குச் சுமார் 40 நிமிஷம் ஆகும். மூவாயிரம் தடவைக்கு மேல் மெல்லும். ஒரு கிலோ ஓட்ஸ் தானியத்தைப் பத்தே நிமிஷத்தில் முடித்துவிடும். ஆயிரம் தடவைகூட மெல்லாது. புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

இரைப்பையின் கீழ்ப்பாகத்துக்குக் கொழகொழப்பான சளிப்படலம் காவல் இருக்கிறது. மேல்பாகத்துக்கு அந்தக் காவல் இல்லை. வயிறு காலியாக இருக்கும்போது குதிரையை விரட்டினால் வயிற்றுத் தசைகள் இறுகி, இரைப்பையை அழுத்தும். கீழே தேங்கி நிற்கும் அமிலம் மேலே ஏறும். அமெரிக்காவில் புளோரிடா சர்வகலாசாலையில் குதிரைகளை ஓடும் பட்டையின் மேல் ஓடவிட்டு இதை அளந்து பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறியவுடனேயே அழுத்தம் ஏறிவிடுகிறதாம்!

அந்தக் காலத்து ஜட்கா குதிரையை நினைத்துக்கொள்கிறேன். நாம் உட்காருகிற சாக்குக்கு அடியிலேயே புல் பரப்பியிருக்கும். வண்டி நின்றால் போதும், குதிரைக்கு முன்னால் ஒரு பிடி புல் விழும். அது பட்ட அடி உதைகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் லட்ச ரூபாய் பந்தயக் குதிரைக்குக் கிடைக்காத ஒரு பாக்கியம் அதற்குக் கிடைத்தது.

என்ன போடலாம்?

முதலில் புல். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே அதைப் பல மடங்கு போட வேண்டும். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக விடக்கூடாது. இரவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாலையில் லாயத்தைப் பூட்டினால் காலையில்தான் திறக்கிறார்கள்! சிறு கண்ணுள்ள வலையில் புல்லை அடைத்துத் தொங்கவிட்டால், குதிரை ஒவ்வோர் இழையாக இழுத்துத் தின்று இரவைக் கழிக்கும்.

வைக்கோலை மட்டும் நம்பக்கூடாது. புல்லே இல்லாமல் வைக்கோல் மட்டும் தின்ற குதிரைகளுக்குப் புண் அதிகம் வருவதை டென்மார்க்கில் கண்டிருக்கிறார்கள்.

நம் விவசாய இலாகாக்காரர்கள் 'குதிரை மசால்' என்று சொல்லும் தீவனம் இதற்குக் கைகண்ட சரக்கு. பேரிலேயே குதிரை இருக்கிறதே! அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தின் காரத்தைத் தணிக்கும். மற்றப் புல்லோடு கலந்து போடலாம். சவாரிக்கு அரை மணி முன்னால் நறுக்கிய மசால் ஒரு சிறு வாளி கொடுத்தால், அது இரைப்பையில் மெத்தை போல மிதந்து அமிலம் மேலே தெறிக்காமல் தடுக்கும். வெறும் வயிற்றோடு ஓட்டுவதுதான் நல்லது என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான்.

தானியத்தை அறவே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இரைப்பையில் தானியம் புளித்து, அதனாலும் அமிலம் உண்டாகிறது. 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளையில் 500 கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகக் கூடாது. நாள் முழுவதற்கும் ஒரு கிலோ. ஓட்ஸாகக் கொடுத்தால் வேளைக்கு ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்ளலாம். "தெம்பு போய்விடுமே?" என்று கேட்பவர்கள் தாவர எண்ணெயைச் சிறுகச் சிறுகப் பழக்கிச் சேர்க்கலாம். எதையும் ஒரே நாளில் மாற்றினால் வயிற்று வலி வந்துவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பகலில் சற்று நேரம் வெளியில் விட வேண்டும். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியே கட்டிப் போட்டால் ஏங்கும். பந்தய லாயங்கள் சிலவற்றில் துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டுவது இதற்காகத்தான்!

மருந்து உண்டா?

உண்டு. நம்மில் பலர் வெறும் வயிற்றில் விழுங்கும் ஒமிப்ரசோல்தான் குதிரைக்கும்! ஆனால் குதிரைக்கென்றே தனிப் பசையாகச் செய்திருக்கிறார்கள். 1999-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. மனிதர்களுக்கான மாத்திரைகளை உடைத்துப் போட்டால் வயிற்று அமிலமே மருந்தைத் தின்றுவிடும். வைத்தியர் சொன்ன அளவில் தினம் ஒரு வேளை, பெரும்பாலும் நான்கு வாரம் கொடுப்பார்கள்.

மேல்பாகத்துப் புண் இதற்குச் சீக்கிரம் கட்டுப்படும். கீழ்ப்பாகத்துப் புண்ணோ பிடிவாதமானது. அதற்குப் புண்ணின் மேல் படிந்து மூடும் சுக்ரால்பேட் மருந்தையும் சேர்ப்பார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஓட்டத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வார்கள். கால் வலிக்கென்று கொடுக்கும் வலி மருந்துகளே இந்தப் புண்ணை உண்டாக்கிவிடுவதும் உண்டு. மனிதனின் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. குதிரை விஷயத்தில் அப்படி ஒரு கிருமியின் மேல் பழியைப் போட ஆதாரம் கிடைக்கவில்லை.

புண் இருப்பதை நிச்சயமாக அறிய ஒரே வழி, மூக்கு வழியாக மூன்று மீட்டர் நீளக் குழாயை விட்டுப் பார்ப்பதுதான். அதற்காகக் குதிரையை இரவு முழுவதும் பட்டினி போட வேண்டியிருப்பது வேடிக்கை! மருந்து முடிந்ததும் இன்னொரு முறை குழாயை விட்டுப் பார்க்காமல் சிகிச்சையை நிறுத்தக்கூடாது. புல்லைக் கூட்டாமல், தானியத்தைக் குறைக்காமல், பசையை மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி பந்தயத்துக்கு ஓட்டினால் சில நாட்களிலேயே பழைய கதைதான். தொட்டியில் தானியம் மிஞ்சும்; வாரை இறுக்கும்போது குதிரை கடிக்க வரும்.