பழைய லெப்டொப் சொல்லும் எச்சரிக்கை

வீட்டிலுள்ள பழைய லெப்டொப்பைத் திறந்தால் அது வேலைக்கு ஆயத்தமாகப் பத்து நிமிடம் செல்கிறது. திரையில் ஏதோ ஆங்கில வாசகமும் தோன்றுகிறது. பிள்ளைகளோ அதை வாசிக்காமலே ஒரு விசையைத் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். அந்த வாசகந்தான் நோயின் அறிகுறி. முதலில் அதை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

திகதியும் நேரமும் பிழை என்று வந்தால், உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற சிறு பெற்றரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதற்குச் செலவு சொற்பமே.

ஏதோவொரு கோப்பைக் காணவில்லை என்று வந்தால், முன்பு அழித்த ஒரு மென்பொருளின் மிச்சமாக இருக்கலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பெட்டியில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குச் சென்று தேவையற்றவற்றை நிறுத்துங்கள். வேகமும் சற்றுக் கூடும்.

ஆனால் ‘ஹார்ட் டிஸ்க்’ பழுதடையப் போகிறது என்ற எச்சரிக்கை வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கல்யாணப் படங்களும் பிள்ளைகளின் மழலைக் குரலும் ஒரு நொடியில் இல்லாமற் போகலாம். திருத்துபவரிடம் கொடுக்குமுன் அவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு, சுழலும் பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். கிழட்டு இயந்திரமும் சுறுசுறுப்பாகிவிடும்.

இயந்திரத்தைக் கடையில் வாங்கலாம். அந்தப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?